லைப்ரரிச் சீட்டு

மில் சங்கு ஊதி அடங்குவதற்குள் தையல்நாயகி கேட்டைத் தாண்டிவிடுவாள். ரீலிங் செக்‌ஷனில் நாற்பது பெண்கள் இருந்தாலும் அவள் கால்தான் முதலில் ரோட்டில் படும். லைப்ரரி ஜன்னலைச் சாயங்காலம் நாலு மணிக்கே சாத்திவிடுவார்கள், அதற்குள் போய்ப் பத்திரிகை வாங்க வேண்டும் என்கிற அவசரம் அது. அன்று வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் வெளியே வந்தாள். கேட்டுக்கு எதிரே வேப்ப மரத்தடியில் அஞ்சலாட்சி நின்றிருந்தாள். இடுப்பில் காலி முறுக்கு டின், முகத்தில் ஒரு நமட்டுச் சிரிப்பு.

"அக்கா, உங்கிட்ட ஒரு ஒத்தாச கேக்கணும். சீட்டு விஷயம்."

"எந்தச் சீட்டு? என் சீட்டுலதான் போன மாசமே உனக்கு விழுந்துடுச்சே."

"அது இல்லக்கா. லைப்ரரிச் சீட்டு. நாயித்துக்கிழம குலுக்கப்போறீங்க இல்ல? குலுக்கறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் சொல்லி, முதல் சீட்ட எனக்கு விட்டுக்குடுக்கச் சொல்லு. நீ சொன்னா எவ மாட்டேன்னுவா?"

தையல்நாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அஞ்சலாட்சி அதைக் கவனிக்கவில்லை. அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். அவள் புருஷன் முருகையனை மில்லிலிருந்து ஆள்குறைப்பில் நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. தவளக்குப்பம் ஜங்ஷனில் ஒரு டீக்கடை கைமாறப் போகிறதாம். திங்கட்கிழமைக்குள் ஐநூறு ரூபாய் அட்வான்ஸ் வைத்தால் கடை முருகையனுக்கு, இல்லாவிட்டால் கடலூர்க்காரன் ஒருத்தன் காத்துக்கொண்டிருக்கிறான்.

"நாங்க அஞ்சு பத்திரம் போட்டிருக்கோம்ல, அந்த ஐநூறையாவது எடுத்துக்குடுத்துடுக்கா. மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் அஞ்சலாட்சி.

"பாக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு தையல்நாயகி நடந்தாள். அன்றைக்கு அவள் ஜன்னல் பக்கம் போகவில்லை.

இந்த இடத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுவது நல்லது. லைப்ரரிச் சீட்டு என்று ஒன்று கிடையவே கிடையாது. இருந்தது நூலகக் கடன் பத்திரம். 1977ஆம் வருஷம் புதுச்சேரியைச் சுற்றியுள்ள பேட்டைகளில் நூலகம் கட்டவும் பழையதைப் புதுப்பிக்கவும் மக்களிடமே கடன் வாங்குவது என்று ஒரு திட்டம் வந்தது. ஒரு பத்திரம் நூறு ரூபாய். வருஷத்துக்கு ஆறு ரூபாய் வட்டி. முதல், ஏழு வருஷம் கழித்துத்தான் கைக்கு வரும். ஒரு பேட்டையில் இருநூறு பத்திரம் விற்றால் மீதிப் பணத்தை அரசாங்கம் போட்டுக் கட்டிக் கொடுக்கும். கேட்டிருந்தவை மூன்று ஊர்கள், பணம் இருந்ததோ இரண்டுக்கு. ஒன்று ஏற்கெனவே இருநூறைத் தொட்டாயிற்று. தையல்நாயகியின் முதலியார்பேட்டையில் இந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இருநூறு பத்திரத்துக்கும் கையெழுத்து விழாவிட்டால் கட்டடம் அரியாங்குப்பத்துக்குப் போய்விடும்.

பத்திரம் விற்க மில்காரர்கள் மத்தியில் யாரைப் பிடிப்பது என்று நகராட்சி அலுவலகத்தில் யோசித்தபோது எல்லாரும் ஒரே பேரைத்தான் சொன்னார்கள். எட்டு வருஷமாகக் குலுக்கல் சீட்டு நடத்துகிற தையல்நாயகி. தன் பேரையும் சொம்பில் போட்டு, நாலு பேர் கண்ணெதிரே குலுக்கி, விழுந்தவளுக்கு அந்த இடத்திலேயே எண்ணிக் கொடுக்கிறவள். ஒரு பைசா முன்னே பின்னே ஆனதில்லை.

அவளும் முதலில் ஒழுங்காகத்தான் சொல்லிப் பார்த்தாள். கடன் பத்திரம் என்றதும் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. "அரசாங்கத்துக்கு நாம கடன் குடுக்கறதா? அவங்கதான்டி நமக்குக் குடுக்கணும்" என்று சிரித்தார்கள். முதல் பத்து நாளில் ஏழு பத்திரம் போனது, அதில் மூன்று அவளே வாங்கியது. பதினோராம் நாள் ஜெயம் என்கிற பக்கத்து வீட்டுக்காரி, "இது இன்னா, உன் சீட்டு மாதிரியா?" என்று கேட்டாள். வாய் அசந்த நேரம். "அந்த மாதிரிதான்னு வச்சுக்கோயேன்" என்றாள் தையல்நாயகி. ஜெயம் உடனே இரண்டு வாங்கினாள். அதற்குப் பிறகு தையல்நாயகி எந்த வீட்டிலும் எதையும் விளக்கவில்லை. ஜெயம் சொன்னாள், ஜெயத்திடம் கேட்டவள் சொன்னாள், இருநூறு பத்திரமும் தானாக விற்றுப்போயின. அதைப் பொய் என்று அடித்துச் சொல்ல முடியாது. உண்மை என்று சொன்னாலோ நாக்கு கூசும்.

எல்லாம் எதற்கு? ஓர் அறைக்கு.

முதலியார்பேட்டை லைப்ரரி அப்போது ஓர் ஓட்டு வீட்டில் இருந்தது. மழை வந்தால் பெஞ்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவைப்பார்கள். உள்ளே முழுக்க ஆண்கள், பேப்பரை விரித்தால் மூடமாட்டார்கள். பெண்கள் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் புத்தகம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். மில்லில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு அங்கேயும் நின்றால் தையல்நாயகிக்கு முட்டி இரண்டும் விட்டுப்போகும். வீட்டுக்குக் கொண்டுபோனாலோ புத்தகத்தைத் திறக்கும்போதுதான் எல்லாருக்கும் பசிக்கும். உட்கார்ந்து படிக்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஆசை சின்னதாக இருந்தால் மனுஷர் தப்பு செய்யமாட்டார்கள் என்று யார் சொன்னது?

மில்லிலிருந்து நேராகக் கடற்கரைக்கு நடந்தாள். அங்கேயிருக்கும் நகராட்சிக் கட்டடத்தை பிரெஞ்சுக்காரன் காலத்துப் பேரால் மேரி என்றுதான் ஊரில் சொல்வார்கள். மாடியில் கடன் பத்திரங்களைக் கவனிக்கிற அரிகிருஷ்ணன் இருந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார், ஒன்றில்தான் மை இருக்கும்.

"சார், ஒருத்தங்க பத்திரம் வாங்கிட்டு, நடுவுல பணம் வேணும்னா?"

"ஏழு வருஷம்மா. நடுவுல பேச்சே இல்ல."

"கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கேட்டா?"

"அப்பக் குடுத்துடலாம். நாயித்துக்கிழமை நான் பணத்தோடதான் வருவேன். கையெழுத்து போட்டுட்டா முடிஞ்சது." அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன், யாருக்காவது புரியலையா? கவலப்படாதீங்க. நிபந்தனை எல்லாத்தையும் நானே படிச்சுக் காட்டிட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன்."

நிபந்தனைத் தாளை அவள் படித்திருக்கிறாள். 'மேற்சொன்ன கடன் தொகையின் முதிர்வுக் காலத்திற்கு முன்னர் யாதொரு காரணத்தை முன்னிட்டும்' என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கத்துக்கு மூச்சு விடாமல் ஓடும். அவர் அதைப் படித்தால் தெருப் பெண்கள் கோயிலில் மந்திரம் கேட்கிற மாதிரி தலையாட்டிவிட்டுக் கையெழுத்து போடுவார்கள். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், காரியம் நடந்துவிடும். அந்த எண்ணம் வந்தபோது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. நிம்மதிதான் அதிகம்.

அரிகிருஷ்ணன் கேட்காமலே வரைபடத்தை விரித்துக் காட்டினார். ஆண்கள் பகுதிக்கு முன்வாசல். பக்கத்துச் சந்தில் தனிக் கதவு, உள்ளே மகளிர் படிப்பறை, நாலு மேசை, கூரையில் மூன்று வட்டங்கள்.

"இது இன்னா சார்?"

"ஃபேன். மூணு."

அந்த மூன்று வட்டங்களையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை முழுக்க நூல் அறுந்துகொண்டே இருந்தது. மேஸ்திரி இரண்டு தடவை திட்டினார். தெருவில் மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை குலுக்கலைக் கேட்பார்கள். அவர்களை ஆறு மாதம், ஒரு வருஷம் என்று தள்ளிப் பார்க்கலாம். அஞ்சலாட்சியைத் தள்ள முடியாது. அவளுக்குத் திங்கட்கிழமை. அவளிடம் இப்போது உண்மையைச் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. யோசித்து யோசித்து, மூன்றரைக்குச் சங்கு ஊதியதும் அடகுக் கடைக்குப் போனாள். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு இரண்டு பவுன் சங்கிலியைக் கழற்றி வைத்தாள். ஐநூறு ரூபாய் வாங்கினாள்.

அஞ்சலாட்சி அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். தையல்நாயகி முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள்.

"இந்தா. உனக்குத்தான் முதல் சீட்டு" என்று பணத்தைக் கையில் வைத்தாள்.

அஞ்சலாட்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாரும் விட்டுக்குடுத்துட்டாங்களாக்கா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் எவகிட்டயும் மூச்சு விடாத. முருகையன்கிட்டயும் சொல்லி வை."

"உன்ன மாதிரி உண்டாக்கா?" என்று அஞ்சலாட்சி மாவுக் கையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தையல்நாயகி கையை உருவிக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய்யைச் சொன்னாயிற்று. அதற்கு ஐநூறு ரூபாய் செலவும் ஆயிற்று.

முருகையன் அன்றைக்கே பஸ் ஏறித் தவளக்குப்பத்தில் பணத்தைக் கட்டிவிட்டு வந்தான். வருகிற வழியில் சந்தோஷத்துக்கு ஒரு கிளாஸ் போட்டான். சாராயக்கடையில் சொன்ன சேதி ராத்திரியே பத்து வீட்டுக்குப் போனது. விடிந்ததும் தெருக்குழாயடியில் குடத்துக்குக் குடம் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லைப்ரரி வாசலில் மேசை போட்டு அரிகிருஷ்ணன் உட்கார்ந்தார். ஒரு பக்கம் கையெழுத்துப் பட்டியல், மறுபக்கம் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி. தையல்நாயகி குளித்து முடித்துக் கழுத்தை மூடிக்கொண்டு வந்தாள். சந்து முனையில் பெண்கள் வருவது தெரிந்தது. அறுபது எழுபது பேர் இருப்பார்கள். முன்னால் வீராயி. மில் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள், வாயைத் திறந்தால் மில் சங்கு தோற்கும். அவள் கையில் ஒரு தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், நடுவில் பித்தளைச் சொம்பு.

தையல்நாயகிக்குச் சொம்பு மட்டும்தான் கண்ணில் பட்டது. சீட்டு குலுக்குகிற நாளில் அவள் வீட்டுக்கு வருகிற அதே தட்டு அது.

"இது என்னம்மா, பூசையா?" என்றார் அரிகிருஷ்ணன்.

வீராயி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. தட்டை மேசைமேல் பட்டியலுக்கு மேலேயே வைத்தாள்.

"ஏண்டி தையலு, எட்டு வருசமா உங்கிட்ட சீட்டு போடறேன். ஒரு நாளாவது குலுக்காம குடுத்திருக்கியா?"

"இல்ல."

"அப்ப நேத்து அஞ்சலாட்சிக்கு எப்டிடி குடுத்த? எங்க பணத்துல எங்களக் கேக்காம முதல் சீட்டு! அவ உனக்கு இன்னா, கூடப் பொறந்தவளா?"

பின்னால் நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஜெயம், "முறுக்கு குடுத்து மயக்கிட்டா" என்றாள். கூட்டத்தின் ஓரத்தில் அஞ்சலாட்சி நின்றிருந்தாள். யாரோ அவள் தோளை இடித்துவிட்டுப் போனார்கள். அவள் தையல்நாயகியையே பார்த்துக்கொண்டிருந்தாள், நீ சொல்லேன்கா என்கிற மாதிரி.

"இப்பக் குலுக்கு" என்றாள் வீராயி. "எங்க கண்ணெதிர குலுக்கு. ரெண்டாவது சீட்டு யாருக்குன்னு பாத்துட்டுத்தான் கையெழுத்து."

அரிகிருஷ்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்தச் சீட்டும்மா? இது சீட்டு இல்லையே. நான் நிபந்தனையைப் படிக்கிறேன், எல்லாரும் அமைதியா..." என்று தாளை எடுத்து ஆரம்பித்தார். "மேற்சொன்ன கடன் தொகையின் முதிர்வுக் காலத்திற்கு முன்னர்..."

கூட்டம் அடங்கித் தலையாட்ட ஆரம்பித்தது. வீராயிகூட வாயை மூடிக்கொண்டாள். தையல்நாயகி நினைத்தது அப்படியே நடந்தது. இன்னும் ஒரு நிமிஷம் போதும். அவர் படித்து முடித்ததும் 'குலுக்கறத அப்புறம் வச்சுக்கலாம், முதல்ல கையெழுத்து போடுங்க' என்று சொன்னால் அவர்கள் கேட்பார்கள். முணுமுணுத்துக்கொண்டாவது கேட்பார்கள். அவள் வாயெடுத்தாள். அப்போது அஞ்சலாட்சி இன்னும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் நேற்றைய மாவு கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"நிறுத்துங்க சார்" என்றாள் தையல்நாயகி.

அவர் நிறுத்தினார்.

"வீராயி, அவர் படிக்கறது உனக்குப் புரியாது. நான் சொல்றேன். இது சீட்டு இல்ல. குலுக்கறது கிடையாது. இந்த மாசமும் விழாது, அடுத்த மாசமும் விழாது. போட்ட பணம் ஏழு வருசத்துக்கு வராது. வருசத்துக்கு நூத்துக்கு ஆறு ரூபா வட்டி, அவ்ளோதான். சீட்டு மாதிரின்னு சொன்னது நான். நீங்க தப்பா நெனச்சிட்டிருக்கீங்கன்னு தெரிஞ்சும் வாய மூடிட்டிருந்தேன்."

வீராயி தட்டிலிருந்த சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அப்ப அஞ்சலாட்சிக்குக் குடுத்தது யாரு பணம்?" என்றாள் ஜெயம்.

தையல்நாயகி முந்தானையை விலக்கினாள். மஞ்சள் கயிற்றைப் பார்த்த ஜெயம் ஓரடி பின்வாங்கினாள். பிறகு ஏச்சு ஆரம்பித்தது. எட்டு வருஷம் சம்பாதித்த பேர் கால் மணி நேரத்தில் காலடியில் கிடந்தது. சிலர் அவள் காதில் விழவேண்டுமென்றே பேசினார்கள், சிலர் பேசாமல் காறித் துப்பினார்கள். அரிகிருஷ்ணன் வியர்த்துப்போய், "கையெழுத்து போடாதவங்க பணத்தைத் திருப்பி வாங்கிக்கலாம்" என்றார். இரும்புப் பெட்டி திறந்தது. பெட்டிப் பக்கம் வரிசை நின்றது, பட்டியல் பக்கம் ஓர் ஆள் இல்லை.

மதியத்துக்குள் நாற்பத்தாறு பத்திரம் கழிந்தது. தையல்நாயகி மேசையோரம் நின்றபடியே இருந்தாள். உட்காரச் சொல்ல ஆளில்லை.

நாற்பத்தேழாவதாக வீராயி வந்தாள். கையை நீட்டினாள், பிறகு பாதியில் மடக்கினாள்.

"ஏன் சாரு, ஏழு வருசம் யாரும் இதத் தொட முடியாதா?"

"முடியாது."

"எங்கூட்டுக்காரரு வந்து கேட்டா?"

"உங்க பேர்ல இருந்தா நீங்கதான் வரணும்."

"என் முடியப் புடிச்சி இழுத்துக்கினு வந்து கேட்டா?"

அரிகிருஷ்ணன் நிபந்தனைத் தாளை ஒரு தடவை புரட்டினார். "அப்பவும் ஏழு வருஷம் கழிச்சுத்தாம்மா."

வீராயி திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். அவள் சம்பளம் எந்தக் கடையில் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்பது தெருவுக்கே தெரியும். "அரிசிப் பானையில வச்சாலும் மோப்பம் புடிக்கிறான். இங்க வச்சா அவங்கொப்பன் வந்தாலும் முடியாதாம்டி!" என்றாள். பிறகு தையல்நாயகியை ஒரு முறை முறைத்தாள். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடி உனக்கு நோவு?"

அவள் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய் இன்னும் இரண்டு பத்திரத்துக்குப் பணம் கொண்டுவந்தாள். நோட்டுகளில் தவிடு ஒட்டியிருந்தது. திருப்பி வாங்கிக்கொண்டு போனவர்களில் பாதிப் பேர் மூன்று மணிக்கு மேல் ஒவ்வொருவராக வந்தார்கள், புருஷன்மார் தூங்குகிற நேரம் பார்த்து. பெண் கல்யாணத்துக்கு ஏழு வருஷம் இருப்பவள் வந்தாள். மாமியாருக்குத் தெரியாமல் ஒருத்தி வந்தாள். சிலர் ஒன்றுக்கு இரண்டாக வாங்கினார்கள். தையல்நாயகியிடம் யாரும் முகம் கொடுக்கவில்லை. ஆனால் பட்டியல் நீண்டது. ஒரு மாதம் அவள் ஒளித்து ஒளித்து வைத்த விஷயம்தான் கடைசியில் பத்திரத்தை விற்றது. அதை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, தன் தலையில் தானே குட்டிக்கொள்ளத் தோன்றியது.

நாலரை மணிக்கு அரிகிருஷ்ணன் எண்ணி முடித்தார். "நூத்தித் தொண்ணூத்தஞ்சு கையெழுத்து ஆச்சு. இன்னும் அஞ்சு பத்திரம். அஞ்சலாட்சின்னு பேரு."

அஞ்சலாட்சி காலையிலிருந்து எதிர்ச் சுவரோரம் நின்றிருந்தாள். இப்போது வந்தாள். பட்டியல் பக்கம் போகாமல் பெட்டிப் பக்கம் நின்றாள்.

"என் பணத்தக் குடுங்க சார்."

"அஞ்சல" என்றாள் தையல்நாயகி.

அஞ்சலாட்சி ஐந்து நூறு ரூபாய் நோட்டுகளையும் வாங்கி அப்படியே தையல்நாயகியின் கையில் திணித்தாள். "இந்தா. போய்ச் சங்கிலிய மீட்டுக்கோ."

"உங்கிட்ட நான் கேட்டனாடி?"

"நீ எதத்தான்கா கேட்ட? காசு வராது, இது சீட்டு இல்லன்னு மில் கேட்டுலயே சொல்லியிருந்தா நான் வேற எடத்துல பொரட்டியிருப்பேன். கையெழுத்தும் போட்டிருப்பேன். முதல் சீட்டுன்னு சொல்லிக் குடுத்த பாரு, அதான் எனக்கு ஆறல. காலையிலேருந்து இந்தத் தெரு என்னத் திருடியாட்டம் பாத்துச்சு. நீ வாயத் தெறக்கற வரைக்கும் நானும், அக்கா எதாவது சொல்லும், அக்கா எதாவது சொல்லும்னு நின்னேன்."

அவள் குரல் உயரவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவள் திரும்பி நடந்தாள்.

மணி ஐந்தாகப் பத்து நிமிஷம் இருந்தது. அரிகிருஷ்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தையல்நாயகியைப் பார்த்தார், பிறகு அவள் கையில் இருந்த நோட்டுகளைப் பார்த்துவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நல்ல மனுஷர்.

தையல்நாயகி சுற்றிலும் பார்த்தாள். வீராயியின் கை காலி. ஜெயம் போய்விட்டாள். பத்து நிமிஷத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இன்றைக்கு யாரும் அவளுக்குத் திறக்கமாட்டார்கள். அடகுக் கடைக்காரன் ஞாயிற்றுக்கிழமையும் கடையை ஏழு மணி வரை திறந்துவைத்திருப்பான். நேராகப் போனால் சங்கிலி கழுத்துக்கு வந்துவிடும். அஞ்சலாட்சி கொடுத்ததும் அதற்குத்தான். கடன் முடியும், கணக்கு நேராகும், நாளைக்குக் குழாயடியில் நிமிர்ந்து நிற்கலாம்.

கூரையில் மூன்று வட்டங்கள் ஞாபகம் வந்தன.

நோட்டுகளை மேசைமேல் வைத்தாள். "அஞ்சு பத்திரம் சார். என் பேர்ல எழுதுங்க."

மை இருக்கிற பேனாவை அவர் எடுத்துக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது சந்து முனையில் அஞ்சலாட்சி நிற்பதைப் பார்த்தாள். போனவள் எதற்கோ திரும்பிப் பார்த்திருக்கிறாள். மேசைமேல் இருந்த பணத்தைப் பார்த்தாள்.

"அப்பவும் உனக்கு லைப்ரரிதான்" என்றாள். போய்விட்டாள்.

கட்டடம் எழும்ப ஒன்றரை வருஷம் பிடித்தது. ரிப்பன் வெட்டினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். சந்துப் பக்கம் தனிக் கதவு, நாலு மேசை, எல்லாம் வரைபடத்தில் இருந்தபடி. தையல்நாயகி தினமும் மூன்றே முக்காலுக்கு வந்து சுவரோரம் உட்காருவாள். தெரு அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக மன்னித்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வட்டி ஒழுங்காக வந்தது, வந்த கையில் கோபம் எவ்வளவு நாள் நிற்கும்? வீராயி எழுத்துக் கூட்டிப் படிக்கவில்லை, ஆனால் ஃபேன் காற்றுக்கு வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். சங்கிலி அடகிலேயே மூழ்கிப்போனது. தையல்நாயகியின் புருஷன் கண்ணையன் ஒரு வாரம் சாப்பிடாமல் முறைத்துக்கொண்டிருந்து, பிறகு சாப்பிட்டான்.

அஞ்சலாட்சி மட்டும் வரவில்லை. டீக்கடை பரவாயில்லாமல் ஓடியது. தினமும் முறுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு லைப்ரரிச் சந்து வழியாகத்தான் தவளக்குப்பம் பஸ்ஸுக்குப் போவாள். தலையைத் திருப்பமாட்டாள். தையல்நாயகிக்குப் புத்தகத்தில் அந்த ஒரு நிமிஷம் மட்டும் எந்த வரி படித்தோம் என்பது மறந்துவிடும். கேட்ட அறை கிடைத்தது, உட்கார நாற்காலி கிடைத்தது, முட்டி வலி போனது. மனசு மட்டும் ஜன்னலுக்கு வெளியேயே நின்றுகொண்டிருந்தது.

கட்டடம் திறந்த பிறகு வந்த இரண்டாவது ஐப்பசியில் ஒரு நாள் மழை திடீரென்று பிடித்துக்கொண்டது. சந்தில் போய்க்கொண்டிருந்த அஞ்சலாட்சி வேறு வழியில்லாமல் சன்ஷேடுக்கு அடியில் ஒதுங்கினாள். டின்னை வயிற்றோடு அணைத்து, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தையல்நாயகி புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"உக்காரு அஞ்சல."

அஞ்சலாட்சி உட்காரவில்லை. நாற்காலி இருவருக்கும் நடுவில் நனைந்தது. சந்துப் பக்கம் பார்த்தபடியே அஞ்சலாட்சி கேட்டாள்.

"மூணு ஃபேன்னு அப்ப சொல்லிட்டுத் திரிஞ்சியாமே. மூணும் ஓடுதா?"

தையல்நாயகி உள்ளே நிமிர்ந்து பார்த்தாள். நடு ஃபேன் கட்டடம் திறந்த மூன்றாம் மாதமே நின்றுபோனது. அதைச் சரிசெய்ய எழுதிப் போட்ட மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

"இல்ல" என்றாள். "ரெண்டுதான் ஓடுது."

அஞ்சலாட்சி முதன்முறையாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் கழுத்தில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள்.

"இதையாச்சும் கேட்டதும் சொன்ன" என்றாள்.

தவளக்குப்பம் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. டின்னைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அவள் மழையிலேயே இறங்கி ஓடினாள்.